பாய் விரிக்கும் முன்னர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

"பாய்ப்படகு வீரரின் ஆயத்தம்" என்று எமது பேச்சின் பொருள் நிகழ்ச்சி நிரலிலே அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு, முன்வரிசையிலே இரண்டு மூன்று பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதை நாம் கவனியாமல் இல்லை. நியாயமான சிரிப்புத்தான். நக்கிள்ஸ் மலைகளின் அடியிலே, தேயிலையும் மிளகும் கராம்பும் விளையும் ஊரிலே, கடலைக் காண்பதானால் பஸ் ஏறி ஒரு முழுப் பகலைச் செலவிட வேண்டிய இடத்திலே நின்றுகொண்டு பாய்ப்படகைப் பற்றிப் பேசுவது விநோதமாகத்தான் இருக்கும்.

ஆனால், கடல் இல்லாத நம்மிடம் தண்ணீர் இல்லையா? பெரியோர்களே, நீங்கள் பிறந்து விளையாடிய பழைய தெல்தெனிய எங்கே இருக்கின்றது? தண்ணீருக்குள்ளே அல்லவா இருக்கின்றது! மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்துக்கு விக்டோரியா அணையை எழுப்பி, 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனைத் திறந்துவைத்தார்கள். கடை வீதியும், ஹுலு கங்கைக் கரையின் வயல்களும் நீரில் மறைந்தன. ஊர் மேட்டுக்கு ஏறி வந்தது. பல குடும்பங்கள் மகாவலியின் புதிய குடியேற்றங்களுக்குப் போய்விட்டன. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய சுவர்களும் பாதைகளும் சேறு பூசி வெளியே தெரிவதும், பெரியவர்கள் கரையிலே நின்று "அதோ அது இன்னார் கடை, இது இன்னார் வீட்டுப் படி" என்று விரல் நீட்டிக் காட்டுவதும் நாம் சிறுவயது முதல் கண்ட காட்சிகள்.

வீட்டை விழுங்கிய தண்ணீர் என்பதனாலேயோ என்னவோ, நாம் அதற்கு முதுகைக் காட்டியே வாழப் பழகிவிட்டோம். "தண்ணிப் பக்கம் போகாதே" என்பதே நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதற் புத்திமதி. அந்தப் புத்திமதியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில், தண்ணீர்ப் பக்கம் போன நான்கு பேருடைய கதையைக் கேளுங்கள்.

2021ஆம் ஆண்டு ஜப்பானிலே நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியாவிலிருந்து பாய்ப்படகு செலுத்த நால்வர் சென்றார்கள். நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே. சி. கணபதி, வருண் தக்கர் என்பன அவர்கள் பெயர்கள். நேத்ராவும் கணபதியும் வருணும் சென்னையிலே படகு பழகியவர்கள். விஷ்ணு வேலூரைச் சேர்ந்தவர். இராணுவத்திலே சேவை செய்பவர். அவருடைய தந்தையாரும் இராணுவத்திலே பாய்ப்படகு செலுத்தியவர். அதற்கு முன்னர் இந்தியா ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாய்ப்படகுப் போட்டிகளிலே பங்குபற்றியதில்லை. இவர்களோ மூன்று போட்டிகளில் இறங்கினார்கள். தகுதி பெற்று ஒலிம்பிக் பாய்ப்படகிலே ஏறிய முதல் இந்தியப் பெண் நேத்ராவே.

போட்டிகளைத் தொலைக்காட்சியிலே பலரும் பார்த்திருப்பீர்கள். நீலக் கடல், வெள்ளைப் பாய்கள், பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகுக்கு முன்னே நடக்கும் காரியங்களை எவரும் காட்டுவதில்லை. நாம் அங்கே சென்று கண்டவர்கள் அல்லோம். அவ்வீரர்கள் தாமே சொன்னவற்றையும் அந்த விளையாட்டின் விதிகளையும் தேடிப் படித்து, எமது சொந்த அனுபவம் சிறிதையும் சேர்த்துச் சொல்லுகின்றோம்.

நேத்ரா பிறந்தது 1997இல். பரதநாட்டியம், சித்திரம், டென்னிஸ் என்று பலவற்றையும் தொட்டுப் பார்த்த சிறுமி. பன்னிரண்டு வயதளவில், பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில், தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கத்தார் நடத்திய பயிற்சி முகாமுக்குப் போனார். சிறுவருக்கென்றே "ஒப்டிமிஸ்ட்" என்று ஒரு படகு உண்டு. நம் வீட்டுக் கட்டிலைவிடச் சற்றே நீளம். அதிலேதான் தொடக்கம். சென்னைத் துறைமுகத்திலே வெள்ளைக்காரர் காலத்தில், 1911இல், தொடங்கிய மெட்ராஸ் படகுக் கழகம் ஒன்று உண்டு. நெடுங்காலம் துரைமாருடைய பொழுதுபோக்காக இருந்த இந்த வித்தை, விடுமுறைக்கு வந்த ஒரு தமிழ்ச் சிறுமியின் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு சங்கம் முகாம் நடத்தியதனால். சங்கம் நடத்தும் நாம் இதனை மனதிலே குறித்துக்கொள்வோமாக.

இனிப் படகைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நேத்ராவும் விஷ்ணுவும் செலுத்தியது "லேசர்" என்னும் ஒற்றை ஆள் படகு. நீளம் நாலேகால் மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உடற்பகுதியின் நிறை 59 கிலோ, அதாவது ஒரு மூடை அரிசியிலும் சற்றே அதிகம். ஒரு பாய், ஒரு சுக்கான், நடுவிலே நீருக்குள் இறக்கும் ஒரு பலகை; அவ்வளவுதான். ஆண்களுக்கு 7.06 சதுர மீற்றர்ப் பாய், பெண்களுக்கு 5.76. இதிலே கவனிக்க வேண்டியது என்னவென்றால், உலகத்திலே எந்த நாட்டு வீரரானாலும் படகு அச்சொட்டாக ஒன்றுதான். ஒலிம்பிக்கிலே போட்டியை நடத்துபவர்களே புதிய படகுகளை வரிசையாக வைத்து, இது உனக்கு, அது அவனுக்கு என்று கொடுத்துவிடுவார்கள். பணக்கார நாட்டுக்கு நல்ல படகு, ஏழை நாட்டுக்கு ஓட்டைப் படகு என்ற பேச்சுக்கே இடமில்லை. (பயிற்சிக்குச் செலவிடும் பணத்தில் அந்தச் சமத்துவம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

படகு ஒன்றானால் வித்தியாசம் எங்கே? செலுத்துபவனுடைய உடம்பிலும் புத்தியிலுமே. காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒருபக்கம் சாயும். சாயாமல் நிமிர்த்தி வைப்பதற்கு வேறு பாரம் கிடையாது; செலுத்துபவரின் உடம்பே பாரம். படகின் நடுவிலுள்ள பட்டியிலே கால் விரல்களைக் கொளுவி, தொடை விளிம்பிலே இருக்க, முதுகு முழுவதும் வெளியே நீரின்மேல் நீட்டி மல்லாந்து கிடக்க வேண்டும். ஒரு கையிலே சுக்கான் பிடி. மற்றக் கையிலே பாய்க் கயிறு. இப்படி ஓர் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரமளவில். நாளொன்றுக்கு இரண்டு மூன்று ஓட்டங்கள்.

இது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் எங்கள் உடம்பாலேயே அறிந்தோம். நம் ஊரிலிருந்து மொறட்டுவையிலே படிக்கப் போயிருக்கும் எங்கள் சிலருக்குப் பொல்கொடை வாவி பக்கத்திலே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு தெரிந்த சிங்கள நண்பர் ஒருவர் எங்களை ஏற்றிச் சென்றார். தொடைகள் இரண்டு நிமிடத்திலே நடுங்கத் தொடங்கின. ஐந்தாவது நிமிடத்திலே காற்று ஒரு தட்டுத் தட்டியது. நாங்கள் தலைகீழாக நீருக்குள்ளே கிடந்தோம். கவிழ்ந்த படகின் அடிப்பலகையிலே ஏறி நின்று, விளிம்பைப் பிடித்து இழுத்தால் அது மெல்ல நிமிரும் என்று நண்பர் கற்பித்தார். அன்று மாலை அந்தப் பாடத்தை நாங்கள் மூன்று முறை படிக்க நேர்ந்தது. மறுநாள் விரிவுரை மண்டபத்துப் படிகளிலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தேர்ந்த வீரர்கள் இதைச் செய்யும் உடம்பை எப்படி ஆக்கிக்கொள்ளுகின்றார்கள் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. போட்டிக்கு மாதக்கணக்கின் முன்பிருந்தே அவர்களுக்குத் தரையிலே பயிற்சி: சைக்கிள் மிதித்தல், பாரம் தூக்குதல், வயிற்றுக்கும் தொடைக்கும் தனி அப்பியாசம். உணவும் அளவு பார்த்துத்தான். நிறை குறைந்தால் பலத்த காற்றிலே படகு கவிழும். கூடினால் மெல்லிய காற்றிலே பின்தங்கும். பெண்களுடைய லேசர் படகுக்கு 65 முதல் 70 கிலோ வரையில் உள்ள உடம்பே உகந்தது என்பார்கள். மெலிந்திருப்பதே அழகு என்று சொல்லும் இந்தக் காலத்திலே, நிறையைக் கூட்டுவதற்காகச் சாப்பிடும் பெண்களும் உலகத்தில் இருக்கின்றார்கள் என்பதைத் தாய்மார்கள் கேட்டு மகிழ்வீர்களாக.

கணபதியும் வருணும் செலுத்திய படகு வேறு. "நாற்பத்தொன்பதர்" என்று அதற்குப் பெயர், நீளம் 4.99 மீற்றர் ஆதலால் வந்த பெயர். இரண்டு பேருமே இடுப்பிலே கம்பியைக் கொளுவிக்கொண்டு, படகின் விளிம்பிலே பாதங்களை மாத்திரம் ஊன்றி, முழு உடம்பும் வெளியே தொங்க நிற்பார்கள். ஒருவர் ஒரு கணம் பிந்தினால் இருவரும் தண்ணீரிலே. சிறுவயது தொட்டு நண்பர்களான இவர்களுக்குப் பேச்சே வேண்டாமாம்; ஒருவர் அசைய மற்றவர் அசைவார். போர்த்துக்கலிலே கஷ்காய்ஷ் என்னும் கடற்கரையிலே தங்கி இருவரும் பழகினார்கள். நேத்ராவோ ஸ்பானியாவுக்குச் சொந்தமான கிரான் கனாரியா என்னும் அத்திலாந்திக் தீவிலே, தமாஷ் எசெஸ் என்ற ஹங்கேரி நாட்டு ஆசானிடம் பயின்றார். ஹங்கேரிக்குக் கடலே கிடையாது என்பதை, சற்று முன் சிரித்த பெரியவர்களுக்கு மரியாதையுடன் நினைவூட்டுகின்றோம்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? காற்றுக்காகத்தான். ஓயாமல் பலமாக வீசும் காற்றும், உயர்ந்த அலையும், கூடவே பழகுவதற்குத் தேர்ந்த வீரர்களும் அங்கேதான் ஒருங்கே கிடைத்தன. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியிலே நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் நேத்ரா வெண்கலப் பதக்கம் வென்றார். இரண்டு மாதம் கழியுமுன் உலகமெங்கும் கொரோனா நோய் பரவிப் போட்டிகள் நின்றன. ஒலிம்பிக்கே ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. எல்லோரும் வீட்டிலே அடைபட்டிருந்த அந்த நாட்கள் நமக்கும் மறக்கக்கூடியவை அல்லவே. காற்றை முகத்திலே உணர்ந்து கற்க வேண்டிய வித்தையை நாற்சுவருக்குள்ளே எப்படிக் கற்பது? உடம்பைக் கெடாமல் வைத்துக்கொண்டு காத்திருப்பதே அப்போதைய பயிற்சி.

பின்னர் 2021 ஏப்ரலிலே, ஓமான் தேசத்தின் முசன்னா என்னுமிடத்திலே தகுதிப் போட்டி நடந்தது. ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரு படகுதான் ஒலிம்பிக் போகலாம் என்பது விதி. நேத்ராவுக்கு அங்கே மிக நெருங்கிய போட்டியாளராக வந்தவர் வேறு நாட்டவர் அல்லர். இன்னோர் இந்தியப் பெண்ணான ரம்யா சரவணன். ஒரே கொடியின் கீழ் வந்து, ஒரே கரையில் படகைத் தள்ளிவிட்டு, நீரிலே ஒருவருக்கொருவர் எதிரி! ஏப்ரல் 7ஆந் திகதி நேத்ராவின் இடம் உறுதியாயிற்று. மறுநாள் விஷ்ணுவுக்கும் கணபதி, வருண் இருவருக்கும் உறுதியாயிற்று. வென்றவர்களை உலகம் வாழ்த்திற்று. தோற்றும் மறுநாள் தன் பாயைச் சுருட்டிப் பெட்டியிலே வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவரை நாமாவது ஒரு கணம் நினைப்போம்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்லுகின்றோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கின்றதோ அந்தப் பக்கம்தானே படகு போகும் என்று நாமும் முன்பு எண்ணியிருந்தோம். அப்படியன்று. காற்று வரும் திசையை நோக்கியும் படகு போக முடியும். ஆனால் நேரே போக முடியாது. இங்கிருந்து மகியங்கனைக்குப் போகும் பதினெட்டு வளைவுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் மலையிலே நேராக ஏற முடியுமா? இப்படிப் போய்த் திரும்பி, அப்படிப் போய்த் திரும்பி அல்லவா ஏறுகின்றது! படகும் அப்படியே, காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாக ஒருபக்கம் போய், திரும்பி, மறுபக்கம் போய், காற்றென்னும் மலையை ஏறுகின்றது. பஸ்ஸுக்கு வளைவுகளைப் போட்டுக் கொடுத்திருக்கின்றார்கள். படகுக்கு வளைவு எங்கே என்பதைச் செலுத்துபவரே ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டும். காற்று சிறிது திரும்பினாலும் நேற்றுச் சரியான இடம் இன்று பிழையாகும். நீரின் மேல் கருமை படர்ந்தால் அங்கே காற்று வலிது. பளபளப்பாகக் கிடந்தால் மெலிது. இதையெல்லாம் மல்லாந்து கிடந்த நிலையிலேயே பார்த்துக் கணக்கிட வேண்டும்.

இது நமக்குப் புதிய கல்வி அன்று என்பதே நமது கருத்து. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்தவர்கள் தமிழர்கள்தாமே. வல்வெட்டித்துறையிலே கட்டிய "அன்னபூரணி" என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி வேறு பெயர் சூட்ட, அதனைத் தமிழ் மாலுமிகளே செலுத்தி, 1938 ஆகஸ்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். "கப்பலோட்டிய தமிழன்" என்று மேடைகளிலே முழங்கும் நாம், அந்த மாலுமிகளைப் பேசுவது குறைவு. பேசுவதிலும் குறைவு, படகிலே ஏறுவது!

ஜூலை மாத நடுப்பகுதியிலே நம் நால்வரும் ஜப்பானை அடைந்தார்கள். இந்தியக் குழுவிலே முதலாவதாகப் போய்ச் சேர்ந்தவர்கள் இவர்களே. காரணம் உண்டு. ஓட்டக்காரருக்கு எந்த ஊர் ஓடுபாதையும் 400 மீற்றர்தான். பாய்ப்படகுக்காரருக்கோ ஒவ்வொரு கடலும் வெவ்வேறு மைதானம். போட்டி நடந்தது டோக்கியோ நகரத்திலே அன்று, எனோஷிமா என்னும் சிறுதீவைச் சார்ந்த சகாமி விரிகுடாவிலே. 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகளும் அங்கேதான் நடந்தன. வானம் தெளிந்தால் தூரத்திலே பூஜி மலை தெரியுமாம். ஏனைய விளையாட்டு வீரர்களோடு பெருங்கிராமத்திலே தங்காமல், ஓய்சோ என்னும் கடற்கரையிலே பாய்ப்படகுக்காரருக்கென்று ஒதுக்கிய விடுதியிலே தங்கினார்கள். தினந்தோறும் நோய்ப் பரிசோதனை. விடுதியும் துறைமுகமும் தவிர வேறெங்கும் போகக் கூடாது. கரையிலே பார்வையாளரும் கிடையாது.

அந்த நாட்களிலே செய்த வேலைகள் சின்னச் சின்ன வேலைகள். கொடுத்த படகைத் துடைத்து, கீறல் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தல். கயிறுகளின் நீளத்தை அளந்து அடையாளமிடுதல். அதிகாரிகள் அளவு பார்க்க வரும்போது ஒவ்வொன்றையும் காட்டுதல். காலையிலே காற்று எப்படி, பகலிலே எப்படித் திரும்புகின்றது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கின்றது என்று மிதவைகளின் அருகே நின்று பார்த்து மனதிலே பதித்தல். போட்டி நாளிலே ஐந்தாறு மணி நேரம் நீரிலேயே கிடக்க வேண்டியிருக்கும். காற்று வராவிட்டால் சும்மா மிதந்துகொண்டு காத்திருக்க வேண்டும். 1896இல் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே காலநிலை சரியில்லை என்று பாய்ப்படகுப் போட்டியைக் கைவிட்டுவிட்டார்கள். காற்றுக்கு எந்தச் சங்கமும் நிகழ்ச்சி நிரல் அச்சிட்டுக் கொடுக்க முடியாது.

போட்டியின் விதிகளிலே எம்மை மிகவும் கவர்ந்தது ஒன்று. ஓட்டம் தொடங்கும் வரையில் ஆசான் தன் படகிலே பக்கத்திலே வரலாம், தண்ணீர் கொடுக்கலாம், புத்தி சொல்லலாம். எச்சரிக்கைக் கொடிகள் ஏறத் தொடங்கியதும் அவர் எட்டிப் போய்விட வேண்டும். பின்னர் நீரிலே தனிமைதான். வழியிலே ஒரு மிதவையை நீங்கள் தொட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒருவேளை எவரும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் நீங்களாகவே விலகிச் சென்று, படகை ஒருமுறை முழுவதும் சுற்றிவிட்டுப் பிறகே ஓட வேண்டும். வழிவிட வேண்டிய படகுக்கு வழிவிடாமல் பிழை செய்தால் இரண்டு சுற்று. சுற்றுவதற்குள் எத்தனையோ படகுகள் முந்திவிடும். நாம் மிஷன் பாடசாலையிலே படித்தபோது கிரிக்கெட் ஆட்டத்திலே, நடுவர் கை உயர்த்துமுன் மட்டையைக் கக்கத்திலே இடுக்கிக்கொண்டு வெளியேறிய மாணவனுக்கு வெள்ளைக்காரப் பாதிரியார் எழுந்து நின்று கைதட்டினார் என்று பழைய ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மனச்சாட்சியே நடுவர் என்பது நம் சமயத்தவர் வீட்டிலே கற்பிப்பதுந்தானே.

முடிவு என்ன? புள்ளிக் கணக்கு இந்த விளையாட்டிலே தலைகீழ்: முதலாவதாக வந்தால் ஒரு புள்ளி, இருபதாவதாக வந்தால் இருபது புள்ளி, குறைந்த புள்ளி உடையவரே வென்றவர். மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். பத்து ஓட்டங்களின் முடிவிலே நேத்ரா 44 பேரில் 35ஆவது. விஷ்ணு 35 பேரில் 20ஆவது. கணபதி, வருண் படகு 19இல் 17ஆவது. பதக்கம் இல்லை. "இவ்வளவு பாடுபட்டது இதற்குத்தானா?" என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். அந்தக் கேள்வியிலே நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், ஒரு பெண் கூடப் போகாதிருந்த இடத்திலே 35ஆவது என்பது எமக்குச் சிறிதாகத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளின் பின், 2024இல், பிரான்சின் மார்செய் துறைமுகத்திலே நடந்த ஒலிம்பிக்கில் அதே நேத்ரா 21ஆவதாகவும் விஷ்ணு 18ஆவதாகவும் வந்தார்கள். இடையிலே 2023இல் சீனத்திலே நடந்த ஆசிய விளையாட்டில் விஷ்ணு வெண்கலம் வென்றார்.

"அது இந்தியா, அங்கே எல்லாம் உண்டு, இங்கே என்ன உண்டு?" என்று சிலர் கேட்கலாம். நம் பெரியவர்களில் வயல் செய்தவர்கள் "லாண்ட்மாஸ்டர்" என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை அறிவீர்கள். அதை ஆக்கியவர் றே விஜேவர்தன என்னும் இலங்கைப் பொறியியலாளர், நாங்கள் படிக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர், 2010இல் காலமானார். மலைச்சரிவிலே மண் கரையாமல் விவசாயம் செய்வது எப்படி என்று பிற்காலத்திலே ஓயாமல் சொல்லிவந்தவரும் அவரே. அவர் 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே இலங்கைக்காகப் பாய்ப்படகு செலுத்தினார். அப்போது அவருக்கு வயது 44! 1970இல் பாங்கொக்கிலே நடந்த ஆசிய விளையாட்டிலே வெள்ளிப் பதக்கமும் வென்றார். உழவு இயந்திரத்தை அறிந்த நாம் படகை அறியவில்லை.

இப்போது அந்தப் புத்திமதிக்கு வருவோம். "தண்ணிப் பக்கம் போகாதே." சென்ற மாதம் சங்கக் கூட்டத்திலே, நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்டோம். உயர்ந்த கைகளை எண்ண ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. பெண்கள் பக்கத்திலே ஒரு கையும் உயரவில்லை. குளிக்கப் போன இடத்திலே மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையிலே வருடந்தோறும் படிக்கின்றோம்; "ஐயோ" என்று சொல்லி அடுத்த பக்கம் புரட்டுகின்றோம். போகாதே என்ற சொல் இதுவரை எத்தனை பிள்ளைகளைத் தடுத்திருக்கின்றது? வெயில் காலத்திலே கரைக்குப் போய்ப் பாருங்கள்.

நீர்த்தேக்கத்திலே நாளைக்கே படகு விட வேண்டும் என்று நாம் கேட்க வரவில்லை. அது காவல் உள்ள இடம், அனுமதியின்றி இறங்கலாகாது, நீர்மட்டம் ஏறி இறங்குவதால் அடியிலே எங்கே சேறு, எங்கே பழைய சுவர் என்று தெரியாத ஆபத்தும் உண்டு. படகுக்கு முன்னே நீச்சல்.  ஆகவே, வரும் பாடசாலை விடுமுறையிலே நமது சங்கம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை, ஆண் பெண் இரு பாலாரையும், கண்டியிலே நீச்சல் தடாகத்துக்கு வாரம் இரண்டு நாள் அழைத்துச் செல்ல அனுமதி தர வேண்டும் என்று பெரியோர்களை வேண்டுகின்றோம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியையே கற்பிப்பார். துணைக்கு வர விரும்பும் தாய்மாருக்கும் வேனிலே இடம் உண்டு. வேன் கூலிக்காக, இவ்வருடம் நாடகத்துக்கு வாடகைத் திரைச்சீலை எடுப்பதில்லை என்று வாலிபர் பகுதியார் தீர்மானித்திருக்கின்றோம். சற்று முன் இராமர் ஏன் வெறுஞ் சுவருக்கு முன்னே நின்று வில்லை முறித்தார் என்று வியந்தவர்களுக்கு இப்போது காரணம் விளங்கியிருக்கும்.

வாயிலிலே, பன்னீர்ச் செம்பு இருக்கும் மேசையின்மேல் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். அதிலே நேற்றே ஒரு பெயர் ஏறிவிட்டது. பழைய ஊரிலே கடை வைத்திருந்த குடும்பத்து அம்மாயி ஒருவர், தம் பேத்தியைக் கையிலே பிடித்துக்கொண்டு வந்து எழுதச் சொன்னார். தமக்குப் பேனா பிடிக்க வராது என்றார். எழுதி முடித்ததும், "எனக்கும் வேனில எடம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். இருக்கின்றது என்று சொல்லியிருக்கின்றோம்.